அது கடல்காற்று இல்லை, தெரேஸ்

என் செல்லச் சண்டைக்காரி தெரேஸுக்கு,

அது கடல்காற்று இல்லை. நீ சொன்னதுதான் சரி. நலமா என்று உன்னைக் கேட்க வழியில்லை. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். அதனால் நீ எதைக் கேட்டுக்கொண்டு என் மேசைக்கு ஓடிவருவாயோ, அதற்கான பதிலை முதலிலேயே எழுதிவிட்டேன்.

ஆனால் அதோடு முடியவில்லை. நீ சொன்னது சரி என்று தெரிந்த பிறகுதான் உன் பெயரை எடுத்துவிடப் பார்த்தார்கள். அந்தச் சண்டையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நம் இருவரையும் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நடுவில், "இதெல்லாம் எனக்குத் தெரியாதா லாத்தா" என்று முகத்தைச் சுளிக்காதே.

அந்த லாத்தாவையே முதலில் விளக்க வேண்டும். எங்கள் குடும்பம் காரைக்காலிலிருந்து வந்து புதுச்சேரியில் பாத்திரக்கடை வைத்த குடும்பம். என் தம்பி ஒருநாள் நம் வேதியியல் லேபுக்குச் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் நின்று "லாத்தா" என்று கூப்பிட்டான். அக்காவுக்கு எங்கள் வீட்டுப் பேச்சு அது. மறுநாளிலிருந்து நீயும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாய். மற்றவர்களுக்கு நான் நஸ்ரீன் மேடம். நெல்லித்தோப்பு மாதாகோயில் பிள்ளை உனக்கு மட்டும் லாத்தா.

உன் பெயருக்கும் விளக்கம் வேண்டும். தெரேஸ் கொன்ஸ்தான். பிரெஞ்சுக்காரன் காலத்தில் உன் கொள்ளுத்தாத்தாவின் அப்பா மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்குப் போய், பழைய வழக்கமும் வேண்டாம், சாதி சொல்லும் பெயரும் வேண்டாம், இனி பிரெஞ்சுச் சட்டத்தின்படி இருந்துகொள்கிறேன் என்று எழுதிக்கொடுத்து, புதிதாக ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டாராம். அப்படிச் செய்தவர்களை நம் ஊரில் ரெனோன்சான் என்பார்கள், துறந்தவர் என்று அர்த்தம். அவர் தேர்ந்தெடுத்த கொன்ஸ்தான் என்ற சொல்லுக்கோ மாறாதவன் என்று அர்த்தம். "பேர மாத்திக்கப் போன மனுஷன் மாறாதவன்னு பேரு வச்சிக்கிட்டு வந்திருக்காரு பாரு லாத்தா, எங்க வீட்டுல எல்லாருமே இப்பிடித்தான்" என்று நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். லேபில் உன்னை ரேட் கான்ஸ்டன்ட், அதாவது வினைவேக மாறிலி என்று கேலி செய்தார்கள். நம் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான சார் ஒவ்வொரு முறையும் கான்ஸ்டன்ட் என்றே கூப்பிட்டார். நீயும் ஒவ்வொரு முறையும், "கொன்ஸ்தான், சார்" என்று திருத்தினாய். நானாக இருந்தால் இரண்டாம் முறையோடு விட்டிருப்பேன்.

இனி நம் வேலைக்கு வருகிறேன். கார்பனுக்கு நான்கு பிணைப்பு இருக்க வேண்டும். கார்பீன் என்பது இரண்டோடு நிற்கும் கார்பன். மிச்சமிருக்கும் எலக்ட்ரான் ஜோடியைக் கொண்டு அது ஓர் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். நமக்கு வாய்த்த உலோகம் ருத்தீனியம். நம் கார்பீன் ஐந்து அணு கொண்ட ஒரு வளையத்தில் இருக்கிறது. வளையத்தில் இரண்டு நைட்ரஜன், அவற்றுக்கு நடுவில் ஒரு கார்பன். அந்த நடுக் கார்பன்தான் உலோகத்தைப் பிடிக்கும் என்பது பாடம். வளையத்தின் முதுகுப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கார்பன்களும் ஆளுக்கொரு ஹைட்ரஜனை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். நைட்ரஜன் ஒவ்வொன்றின் மேலும் பருத்த ஒரு கொத்து ஒட்டியிருக்கும். அவற்றுக்கு நீ தடியன்கள் என்று பெயர் வைத்திருந்தாய்.

உன் ஆரஞ்சு நிறச் சேர்மத்தை நீ சூடாக்கினாய். அது மஞ்சளானது. என்.எம்.ஆர். கருவியில் வைத்துப் பார்த்தாய். அந்தக் கருவி வரையும் கோட்டில் ஒவ்வொரு வகை ஹைட்ரஜனுக்கும் ஒரு பீக் எழும்பும். முன்பு இரண்டு தடியன்களுக்கும் சேர்த்து ஒரே பீக் இருந்தது, இப்போது சரிசமமாக இரண்டு. போதாததற்குத் தள்ளி ஒரு மூலையில் புதிதாக ஒரு சின்ன பீக். நீ அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. செருப்பைக் கூடச் சரியாகப் போடவில்லை.

"லாத்தா, இது புடிய மாத்திக்கிச்சு. முன்னால புடிச்சிருந்தத உட்டுட்டு முதுகால புடிச்சிருக்கு."

சார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "லிகண்ட் உடைஞ்சு உப்பாயிருக்கும்மா. அந்தப் புது பீக் உப்போடது. மாய்ஸ்சர்" என்றார். லிகண்ட் என்பது உலோகத்தைப் பிடித்திருக்கும் நம் வளையம்; அது பிடியை விட்டு, ஈரத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டால் உப்பு. பக்கத்தில் இருந்தவர்கள், "கடக்காத்து" என்று முடித்து வைத்தார்கள்.

நம் லேபில் எல்லாத் தோல்விக்கும் அந்த ஒரே குற்றவாளிதான் என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சிலிண்டர் மூடி துருப்பிடித்தால் கடல்காற்று. ஜன்னல் கம்பி உதிர்ந்தால் கடல்காற்று. வினை நடக்கவில்லை, தராசு நிற்கவில்லை, யாரோ மூடியைச் சரியாக மூடவில்லை, எல்லாவற்றுக்கும் கடல்காற்று. பாதிப் பேர் வீட்டில்கூட, பிஎச்.டி. முடியாததற்குக் கடல்காற்றைத்தான் காரணம் சொல்லி வைத்திருந்தார்கள். பாவம், வங்காள விரிகுடாவுக்கு வாய் இருந்தால் நம் மீது வழக்குப் போட்டிருக்கும்.

நீ விடவில்லை. "உப்புன்னா ரெண்டு தடியனும் ஒரே மாதிரிதான் சார் நிப்பானுங்க, ஒரு பீக்தான் வரணும். இங்க ஒருத்தன் உலோகத்த ஒட்டி நிக்கறான், ஒருத்தன் தள்ளி நிக்கறான். அதான் ரெண்டு" என்றாய். சார், கலவையாக இருக்கும் என்றார். சுத்தப்படுத்திக் கொண்டுபோனாய், அப்போதும் அதே இரண்டு. திரும்பச் செய் என்றார், செய்தாய். கடைசியில், "தீசிஸ்ல இந்தச் சாப்டர எடுத்துடுங்க, எக்ஸாமினர் சிரிப்பாரு" என்றார்.

அந்த வாரக் கூட்டத்தில் நீ பேசியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பலகையில் வளையத்தை வரைந்தாய். "நெல்லித்தோப்புல காலைல பஸ் ஏறியிருக்கீங்களா சார்? ரெண்டு பக்கமும் தடி ஆளு நின்னுக்கிட்டு நசுக்கறான். முன்கம்பியப் புடிச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கறது? திரும்பி நின்னு பின்கம்பியப் புடிச்சிக்குவோம். அதே ஆளு, அதே டிக்கெட்டு, அதே பஸ்ஸு. புடி மட்டும் வேற" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "இதெல்லாம் அப்நார்மல் கார்பீன், ரொம்ப அபூர்வம். நம்ம லேபுல வராது" என்றார்.

நீ அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டாய். பிறழ்ந்தது, வழக்கத்துக்கு மாறானது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் எல்லாம் அப்படித்தான் அழைக்கின்றன. டீக்கடையில் வந்து பொங்கினாய். "நெருக்கடி தாங்காம எடத்த மாத்திக்கிட்டா அப்நார்மலா? இது ரெனோன்சான், லாத்தா. எங்க ஆளு." அன்றிலிருந்து நமக்குள் அந்தச் சேர்மத்துக்கு அதுதான் பெயர். சார் காதில் விழுந்தபோது ஏதோ பிரெஞ்சுக் கரைப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த டீக்கடையில்தான் நீ வழியையும் சொன்னாய். புதுப் பீக்கைத் தரும் ஹைட்ரஜன் ஈரக்காற்றிலிருந்து வந்ததா, வளையத்தின் முதுகிலிருந்து வந்ததா என்பதுதான் வழக்கு. முதுகில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக, எடை கூடிய, கருவியில் தனியாகத் தெரியும் கன ஹைட்ரஜனை வைத்துவிட்டுச் சூடாக்கினால்? கடலில் இருந்து வருவது சாதாரண ஹைட்ரஜன். முன்பக்கம் கன ஹைட்ரஜன் வந்து நின்றால், அது முதுகிலிருந்து எடுத்து முன்னால் வைத்ததுதான், வேறு வழியே இல்லை. நீ வாங்கச் சொன்ன பொருள் வருவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது.

காய்ச்சல் என்றாய். மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாய். பிறகு ஆஸ்பத்திரி. பிறகு உப்பளம் பகுதிக் கல்லறைத் தோட்டம். இதைவிட அதிகமாக என்னால் எழுத முடியவில்லை. நீயும் கேட்க மாட்டாய்.

ஆனால் அடக்கத்தன்று நடந்ததைச் சொல்வேன். உங்கள் தெருக்காரர் ஒருவர், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த கெமிக்கல் படிப்பு, அதான் ரத்தத்துல ஏறிடுச்சு" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். உன் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவ கெமிக்கல்ல சாவல. உங்க தெருச் சாக்கடையில வளந்த கொசு கடிச்சிச் செத்தா" என்றேன். யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். அங்கேயும் ஒரு கடல்காற்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள், தெரேஸ். எதற்கும் சரியான காரணத்தைத் தேட யாருக்கும் பொறுமை இல்லை.

லேபில் உன் குப்பிகளைக் கழித்துவிடச் சொன்னார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, என் அலமாரித் தட்டில் வைத்துக்கொண்டேன். கன ஹைட்ரஜன் வந்து சேர்ந்ததும் உன் வேலையை நான் செய்தேன். காற்றுப் புகாத குளோவ் பாக்ஸ் பெட்டியில் கையை விடும்போதெல்லாம் பக்கத்து ஜோடிக் கையுறை காலியாகத் தொங்கியது. எனக்குக் கோபம் வந்தது. அழுகையைவிடக் கோபம் வேலைக்கு உதவும் என்று அப்போதுதான் கண்டுகொண்டேன்.

சூடாக்கினேன். மஞ்சளானது. கருவியில் வைத்தேன். முன்பக்கத்தில், நீ சொன்ன அதே இடத்தில், கன ஹைட்ரஜன் வந்து நின்றது. கடல் ஒன்றும் செய்யவில்லை. வளையம் தன் முதுகில் இருந்ததைத் தானே எடுத்து முன்னால் வைத்துவிட்டு, காலியான இடத்தால் உலோகத்தைப் பிடித்திருக்கிறது. ஓர் அணு குறையவில்லை, கூடவில்லை.

இன்னும் வாயை அடைக்க வேண்டும் என்று படிகமும் வளர்த்தேன். ஃபிரிஜ்ஜில் வைத்து, ஆட்டாமல் அசைக்காமல், கரண்ட் போனால் திட்டிக்கொண்டு வளர்த்த படிகம். அதை வெளியூருக்கு எடுத்துப்போய் எக்ஸ்ரே கருவியில் வைத்தபோது, அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று படமாகவே வந்துவிட்டது. உன் ஆள் திரும்பி நின்று பின்கம்பியைப் பிடித்திருக்கிறான். நான் அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்று, படத்தைப் பார்த்துக்கொண்டே, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஒரு பழக்கடைக்காரரிடம் காட்டினேன். அவர், நல்லா இருக்கும்மா என்றார்.

சார் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "பியூட்டிஃபுல்" என்றார். மன்னிப்பு என்ற சொல் எந்த மொழியிலும் வரவில்லை. ஆனால் கட்டுரையை மளமளவென்று எழுதினார், நன்றாகவே எழுதினார். முதல் பெயர் என்னுடையது, கடைசிப் பெயர் அவருடையது. நீ எங்கே என்று தேடினேன். அடியில் நன்றி சொல்லும் வரியில் இருந்தாய், கரைப்பான் கொடுத்தவருக்கும் கருவி இயக்கியவருக்கும் நடுவில்.

"சார், இது தெரேஸோட வேலை. அவ பேருதான் மொதல்ல வரணும்."

"நஸ்ரீன், உங்க ஃபீலிங்ஸ் புரியுது. ஆத்தருன்னா சப்மிட் பண்றதுக்கு ஒத்துக்கணும், கேள்வி வந்தா பதில் சொல்லணும். செத்தவங்க எப்படிம்மா பதில் சொல்வாங்க?"

"அவ உயிரோட இருந்தப்ப பதில் சொன்னா சார். அப்ப நீங்க கேக்கல."

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "உங்க ஃபியூச்சரையும் யோசிங்க. வெளிநாட்டுக்கு அப்ளை பண்ணியிருக்கீங்க, என் லெட்டர் வேணும் இல்ல?" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அவ பேரு மொதல்ல இல்லன்னா, என் படிகமும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாதிப் படியில் உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. நீ கேலி செய்வாய் என்பதால்தான் நிற்காமல் இறங்கினேன்.

வீட்டில் சொன்னேன். அத்தா, என் அப்பா, பாத்திரத்தைத் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்டார். "அந்தப் புள்ள பேரு இல்லாம உன் பேரு மட்டும் வந்தா, கடைக்கு வர்றவங்ககிட்ட நான் அத எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் காட்டறது" என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

கட்டுரை போகவிருந்த இதழின் விதியைத் தேடிப் படித்தேன். இறந்தவர் பெயரைப் போடலாம், குடும்பத்தார் ஒப்புதல் கொடுத்தால் போதும். அப்படியானால் நெல்லித்தோப்புக்குப் போக வேண்டும். சாரிடம் பேசப் பயப்படாத எனக்கு அங்கே போகத்தான் பயமாக இருந்தது. அடக்கத்துக்குப் பிறகு உன் அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தத் தெருக்காரர் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

போனேன். உன் அம்மா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து வாங்கிவந்த சங்கரா மீனை அரிவாள்மணையில் நறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நானாக உட்கார்ந்தேன். கட்டுரை, பெயர், ஒப்புதல் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

"அந்த கெமிக்கல் பேச்சே எனக்கு வேணாம்மா. அதான் எம் புள்ளையக் கொண்டுபோச்சி."

"கெமிக்கல் இல்லம்மா. டெங்கு."

"எல்லாம் ஒண்ணுதான்."

நான் எழுந்துவிட்டேன். வாசல்வரை வந்தபின் அவர் குரல் கேட்டது.

"அந்த சாரு இவ சொன்னத நம்பலன்னு தெனம் வந்து அழுவாளே. அது இன்னா ஆச்சி?"

நீ அழுதாயா, தெரேஸ்? எங்களிடம் பஸ் கதை சொல்லிச் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அழுதாயா? என்னிடம் ஒருமுறைகூடக் காட்டவில்லையே, ஏன்?

"சார் சொன்னது தப்பும்மா. அவ சொன்னதுதான் சரி. நானே செஞ்சி பாத்துட்டேன். படம் எடுத்து வச்சிருக்கேன்."

மீன் நறுக்கிய கை நின்றது. அவர் எழுந்து கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டார். "இத மொதல்ல சொல்லிட்டு இல்ல பேச்ச ஆரம்பிக்கணும்? குடு" என்று கையை நீட்டினார். நிதானமாக எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவைத் தராமல் என்னைப் பார்த்தார். "பேர முழுசா போடச் சொல்லு. டீ-ன்னு ஒத்த எழுத்தப் போட்டு உட்டுடப் போறாங்க. தெரேஸ் கொன்ஸ்தான். கான்ஸ்டன்ட் இல்ல."

அந்தத் தாளை சார் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். கணினியைத் திருப்பி, என் கண் முன்னால் உன் பெயரை முதலில் தட்டச்சு செய்தார், முழுப் பெயராக. அதற்குப் பிறகு என்னிடம் ம், சரி, பார்க்கலாம் தவிர வேறு பேச்சு இல்லை. வெளிநாட்டுக்கான சிபாரிசுக் கடிதம் வரவில்லை, அந்த இடம் கைவிட்டுப் போயிற்று. என் தீசிஸ் அவர் மேசையில் தூங்குகிறது. போகட்டும். எனக்கு வருத்தம் இருக்கிறது, இல்லை என்று உன்னிடம் நடிக்க மாட்டேன். ஆனால் ஒரு நாள்கூட, செய்திருக்க வேண்டாமே என்று தோன்றவில்லை.

கட்டுரையைப் பரிசீலித்த ஒருவர், எல்லா இடத்திலும் அப்நார்மல் என்ற சொல்லையே பயன்படுத்துங்கள் என்று எழுதினார். மரியாதையாக மறுத்து நீளமாகப் பதில் எழுதினேன். இடம் மாறிய கார்பீன் என்றே நிற்கிறது. ரெனோன்சான் என்று போடத்தான் ஆசை. அதற்கு இன்னும் கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கும் பிரதி போன வாரம் வந்தது. ஜெராக்ஸ் கடையில் நல்ல தாளில் எடுத்து உன் அம்மாவிடம் கொண்டுபோனேன். இந்த முறை உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் பெயரின் மேல் விரலை ஓட்டினார். விரல் பெயரின் முடிவில் நின்றது. இறந்துபோனவர் என்று காட்டுவதற்காக அச்சகத்தார் போடும் சின்னக் குறி ஒன்று அங்கே இருந்தது. கத்தி வடிவம், மேலே ஒரு குறுக்குக் கோடு. அதைப் பற்றி முன்கூட்டியே எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"சிலுவ போட்டிருக்காங்க" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "நாம வேதக்காரங்கன்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் விரல் அடுத்த பெயருக்கு நகர்ந்தது, என் பெயருக்கு. அதன் பக்கத்தில் எதுவும் இல்லாததைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்காக வருத்தப்பட்டார், தெரேஸ்.

"உன் பேருக்குப் பிறை போடலியாம்மா?"

"எனக்கு இன்னும் போடலம்மா" என்றேன்.

சிரித்தேன். நீ போன பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே அழுதேன். உன் அம்மா என் முகத்தையும் அந்தக் குறியையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா, எனக்குத் தெரியாது. தாளை மடிக்காமல் எடுத்துப்போய் மாதா படத்துக்குக் கீழே வைத்தார். குறி தெரியும்படியாகத்தான் வைத்தார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எனக்கு அந்தக் குறி போடும் நாள் வரும்வரை, இந்த ஊரில் யார் எதற்குக் கடல்காற்றைக் காரணம் சொன்னாலும், எங்கே இரண்டு பீக்கைக் காட்டு என்று கேட்பேன். யார் கான்ஸ்டன்ட் என்றாலும், கொன்ஸ்தான் என்று திருத்துவேன், ஒவ்வொரு முறையும்.

உன் பெயருக்கு அடுத்த பெயர்க்காரி,
உன் லாத்தா
நஸ்ரீன்